பகலில் ஏறிய விளக்கு

அத்தியாயம் 6

கமருஸ்ஸமானை ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போய் நூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது.

கணக்கைச் சொன்னவள் அவருடைய மனைவி ஜஹபர் நிஷா. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து அவர் சோற்றில் கை வைத்தபோது ஜீப் வந்தது. அப்போது மணி இரண்டு. இப்போது புதன்கிழமை காலை பத்து. அவள் யோசித்துச் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தவள் போலச் சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு மணிக்கு வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோறாங்களாம்க்கா. யுத்தச் சட்டமாம். கோர்ட்டும் கிடையாது, வக்கீலும் கிடையாதாம்."

மேஜைக்கு அந்தப் பக்கம் அமிர்தவல்லி உட்கார்ந்திருந்தாள். முன்பு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவள். இப்போது முல்லா வீதி முனையில், ரொட்டிக் கடையின் மாடியில், துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். மிச்சத்தையும் சேர்த்துப் பேசுவது அவளுடைய உதவியாளன் காத்தவராயனின் வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, இந்தோசீனாவில் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்தவன்.

"இன்னான்னு சொல்லிப் புடிச்சாங்க?" என்றான் காத்தவராயன்.

"சீனாக்காரனுக்கு விளக்குக் காட்டினாருன்னு."

"சீனாக்காரன் இமயமலையில நிக்கிறான். முல்லா வீதியில விளக்குக் காட்டினா அவனுக்கு எப்படித் தெரியும்? அவ்ளோ பெரிய விளக்கு செஞ்சா நம்ம கரண்டு ஆபீசையே மூடிட்டுப் போயிடலாமே."

ஜஹபர் நிஷா சிரிக்கவில்லை. காத்தவராயன் தலையைக் குனிந்துகொண்டான்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். மூன்று வாரமாக ஊருக்குத் தெற்கே வானத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. சின்னது, மஞ்சள் நிறம், சத்தமே கிடையாது. மெதுவாக மேலே ஏறும், நகரும், மறைந்துவிடும். எல்லையில் போர் நடக்கிற நேரம். சென்னையிலிருந்து ஒரு மேஜர் தலைமையில் ராணுவத்தார் வந்தார்கள். ஆறு இரவுகள் கடற்கரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். ஏழாம் நாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்து வயலில் ஒரு விளக்கு விழுந்து கிடந்தது. மூங்கில் சிம்பில் கட்டிய கூடு, எண்ணெய் தடவிய காகிதம், உள்ளே மெழுகுவர்த்தி. காகிதத்தில் பிரெஞ்சு எழுத்துகள் இருந்தன.

கடைத்தெருவில் யாரிடம் காட்டினாலும் அது யார் கைவேலை என்று சொல்லிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரமானாலும் தர்காவின் கந்தூரி விளக்கானாலும் கமருஸ்ஸமான் கட்டினால்தான் காற்றில் அணையாது.

"செஞ்சது நான்தான்னு ஒத்துக்கிட்டாராம். யாருக்குன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறாராம்" என்றாள் ஜஹபர் நிஷா. "என்கிட்டயும் சொல்லலக்கா. நேத்து ரெண்டு நிமிஷம் பார்க்க உட்டாங்க. கன்னமெல்லாம் வீங்கிக் கெடக்கு. பசங்கள மதரஸாவுக்கு அனுப்பு, நான் வந்துருவேன்னார். வேற ஒண்ணும் பேசல."

"தெருவுல?" என்றாள் அமிர்தவல்லி.

"குழாயில கொடம் வெக்க உட மாட்டேங்கிறாங்க. என் கொடத்த எட்டி ஒதச்சாங்க. எம் பொண்ணப் பார்த்து, சீனாக்காரன் மவ போறா பாருன்னு..." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அமிர்தவல்லி பேனாவை மூடி வைத்தாள். "கடைசியா அவர் கொண்டுபோய்க் குடுத்த விளக்கு எத்தனை?" என்று கேட்டாள். குரல் மிகவும் இறங்கியிருந்தது. காத்தவராயன் நிமிர்ந்து பார்த்தான். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். இவளுக்கு இறங்கும்.

"நாப்பது இருக்கும். கோணி போட்டு மூடி அவரே வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனார்."

"யாருக்குன்னு நீ கேக்கலயா?"

"கேட்டேன். கேக்காதேன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல மொத தடவ அப்படிச் சொன்னார்க்கா."

அமிர்தவல்லி குடையை எடுத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு மணிக்கு மேஜர் ஆபீஸ் வாசல்ல வந்து நில்லு. குழந்தைங்கள யார்கிட்டயாவது விட்டுட்டு வா."

"இன்னிக்கு யாருக்கா எங்க பிள்ளைங்கள வெச்சுப்பாங்க?"

அமிர்தவல்லி படிக்கட்டில் நின்று திரும்பினாள். "கீழ ரொட்டிக் கடை மதாம்கிட்ட விடு. வேண்டாம்னு அவங்க சொன்னா நான் இந்த மாடியைக் காலி பண்ணிடறேன்னு சொல்லு."

*

காத்தவராயனின் சோலெக்ஸ் என்பது எஞ்சின் வைத்த சைக்கிள். மேட்டில் எஞ்சின் நிற்கும், இறக்கத்தில் சைக்கிள் நிற்கும் என்று அவனே சொல்வான். பின்னால் அமிர்தவல்லி குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடகிழக்குக் காற்று குடையைத் தள்ளியது.

"மதாம், குடைய மூடுங்க. வண்டி இப்பவே விழுப்புரம் பக்கம் இழுக்குது."

அவள் மூடினாள். பிறகு குடையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அரியாங்குப்பத்தில் கலியமூர்த்தியின் வயலைத் தேட வேண்டியிருக்கவில்லை. சம்பாப் பயிரின் நடுவே பூட்ஸ் கால்கள் போட்ட பாதை சாலையிலிருந்தே தெரிந்தது. கலியமூர்த்தி வரப்பில் நின்று சாய்ந்த பயிரை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"நீங்களும் மிதிக்கத்தான் வந்தீங்களா?" என்றார்.

"வண்டிய ரோட்டுலயே நிறுத்திட்டோம் அண்ணே" என்றான் காத்தவராயன். "அது தானாவே நின்னுடுச்சு. பாய் விஷயமா வந்திருக்கோம்."

கலியமூர்த்தி கையிலிருந்த சேற்றை உதறினார். "அதச் சொல்லாதீங்க. வெளக்க எடுத்துக் குடுத்தவன் நானு. ஏதோ கவர்மெண்டு சாமானாட்டம் இருக்குதேன்னு குடுத்தேன். இருவது பேரு எறங்கி ஒரு காணிப் பயிர மிதிச்சிட்டானுங்க. அதுக்கப்பறம்தான் தெரியுது, கமருஸ்ஸமான் பாயப் புடிச்சிட்டாங்கன்னு. எம் பொண்ணு கல்யாணத்துப் பந்தலுக்கு வெளக்கு கட்டுனவரு அவரு. தெரிஞ்சிருந்தா அடுப்புல போட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன்."

"வெளக்கு வானத்துல எங்கேர்ந்து எங்க போகும்?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

அவர் கை வடகிழக்கே, ஆற்றுக்கு அப்பால் உப்பளம் பக்கம் நீண்டது. அங்கிருந்து தலைக்கு மேலாக வந்து தென்மேற்கே இறங்கியது. "இப்படியே மேக்கால போயிடும்."

"ஒரு நாளாவது கடல் பக்கம் போச்சா?"

"எப்படிம்மா போவும்? கார்த்திக மாசக் காத்து உடுமா?"

காத்தவராயன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "அப்ப கடல்ல நிக்கிற எதிரிக் கப்பலுக்கு வெளக்குக் காட்டறவன், வெளக்க விழுப்புரத்துக்கு அனுப்பறான். விழுப்புரம் ஜங்ஷன்ல எந்தப் பிளாட்பாரத்துல நிக்குது மதாம் அந்தக் கப்பல்?"

"எந்த நேரத்துல வரும்?" என்றாள் அவள்.

"ராத்திரி மில்லு சங்கு பதினோரு மணிக்கு ஊதும். அரை மணி கழிச்சு ஒண்ணு. அப்பறம் விடியறதுக்கு முன்ன, அஞ்சரைக்கு ஒண்ணு. மாடு கறக்க உக்காருவேன், அப்ப போவும். தெனமும் அதே நேரந்தான். மில்லு சங்காவது முன்ன பின்ன ஊதும்."

"வெளக்கோட வேற ஏதாவது இருந்துச்சா?"

கலியமூர்த்தி தயங்கினார். "நூலு இருந்துச்சு. நல்ல நூலு. அத நான் குடுக்கல."

அவர் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனார். புடலைப் பந்தலில் காய்கள் தொங்கின. வளையாமல் நீள்வதற்காக ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூலில் ஒரு கல் கட்டியிருந்தது. நாலு காய்களுக்கு மட்டும் வெள்ளை நூல். மெல்லியது, முறுக்கேறியது.

அமிர்தவல்லி நூலைத் தொட்டுப் பார்த்தாள். "வெளக்குல இது எங்க கட்டியிருந்துச்சு?"

"தலையில. ஒரு நுனி வெளக்குல, இன்னொரு நுனி அறுந்திருந்துச்சு."

"எவ்வளவு நீளம்?"

"என்னப் போல ரெண்டு ஆளு உயரம்."

அவள் ஒரு கல்லை விரலால் லேசாகத் தள்ளினாள். அது நூலில் ஆடியது. ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்தவராயா, தானாப் பறக்கிற விளக்குக்குத் தலையில நூல் எதுக்கு?"

அவன் கல்லைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான். "தொங்கியிருக்கு மதாம். மேல இன்னொண்ணு இருந்திருக்கு."

"இருட்டுல தெரியாத ஒண்ணு." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொண்ணு அஞ்சு. பாலத்துக்குப் போகணும்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் வேண்டாம். பதினொன்றரை ஆகணும், அவ்வளவுதான்."

"பதினொன்றரைன்னாரே, அது ராத்திரி மதாம்."

"ராத்திரி மட்டும்தான் எல்லாரும் மேல பார்க்கிறாங்க" என்றாள் அமிர்தவல்லி.

*

பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றார்கள். கடலூர் பஸ் ஒன்று போயிற்று. மீன் கூடைக்காரிகள் வரிசையாகப் போனார்கள். மேலே வெளுத்த மேகம். ஆற்றுக்கு அந்தக் கரையில் உப்பளத்துச் சவுக்கு மரங்கள் தெரிந்தன. அவற்றின் பின்னால் பழைய எண்ணெய்க் கிடங்கின் கூரை.

"ராத்திரி பதினொன்றரை, காலை அஞ்சரை. நடுவுல ஆறு மணி நேரம்" என்றாள் அமிர்தவல்லி. "திருட்டு வேலை செய்யறவனுக்கு இந்த நேரம் எதுக்கு? அஞ்சரைக்கு ஊரே எழுந்துடும். இந்த நேரத்தை யாரும் வசதி பார்த்து வைக்கலை. கடிகாரம் வெச்சது."

"எந்தக் கடிகாரம்?"

"லண்டன் பக்கத்துல கிரீன்விச். நமக்கு அஞ்சரைன்னா அங்க நடுராத்திரி பன்னெண்டு. நமக்குப் பதினொன்றரைன்னா அங்க ஆறு. நம்ம அரை மணி அங்க முழு மணி. அந்தக் கடிகாரத்தைப் பார்த்து உலகம் பூரா ஒரே நேரத்துல ஒரு வேலை நடக்குது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை."

"இன்னா வேலை?"

அவள் சவுக்குத் தோப்பைப் பார்த்தாள்.

மரங்களுக்கு மேலே சிவப்பாக ஒன்று எழுந்தது.

உருண்டையாக இருந்தது. கிடங்கின் பின்பக்கத்திலிருந்து ஏறி, காற்றில் சாய்ந்து, அவர்களை நோக்கி வந்தது. ஒரு பெரிய ரப்பர் பலூன். கீழே எதுவும் தொங்கவில்லை. மீன்காரிகளில் ஒருத்திகூட நிமிரவில்லை. சைக்கிளில் போன ஒருவன் மட்டும் பார்த்தான். பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"மெர்து" என்றான் காத்தவராயன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் முதல் நாளே கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தை அது.

"மேல்காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு கண்டுபிடிக்க விடற பலூன். பகல்ல பலூனே கண்ணுக்குத் தெரியும். ராத்திரி தெரியாது. அதனால விளக்கு கட்டித் தொங்கவிடுவாங்க. கீழேர்ந்து கருவியில விளக்கைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. விமானத்துக்கு வேண்டியது."

காத்தவராயன் சவுக்குத் தோப்பையே பார்த்தான். "மதாம், அந்தக் கெடங்கு வாசல்ல துப்பாக்கியோட காவல் நிக்குது. ரேஷன் கெடங்குன்னு சொல்றாங்க."

"ஆமாம்."

"பட்டாளத்துக் காவல்."

"ஆமாம்."

"அப்ப வெளக்கு விடறதும் இவனுங்க. வெளக்கத் தேடி வந்ததும் இவனுங்க. ஊர்ல ஒரு வீடு உடாம சோதனை போட்டானுங்களே, என் தங்கச்சி வீட்டுல அரிசிப் பானையக் கவுத்துப் பார்த்தானுங்களே!"

"அவங்களே காவல் போட்ட இடத்தை மட்டும்தான் சோதிக்கலை" என்றாள் அமிர்தவல்லி. குரல் காற்றில் அரைகுறையாகத்தான் கேட்டது. "வண்டியை எடு."

*

மேஜரின் அலுவலகம் கடற்கரையோரத்தில் ஒரு பழைய பிரெஞ்சு மாளிகையில் இருந்தது. முற்றத்தில் ஜன்னலுக்குக் கம்பி வலை போட்ட வேன் நின்றது. வாசலில் ஜஹபர் நிஷா. அமிர்தவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காவல்காரன் தடுத்தான்.

"பூட்டி வெச்சிருக்கிற விளக்கு யாரோடதுங்கிற பதிலக் கொண்டு வந்திருக்கோம்னு உள்ள போய்ச் சொல்லுப்பா" என்றான் காத்தவராயன். "இல்லன்னா பதில எடுத்துக்கிட்டுப் பத்திரிகை ஆபீசுக்குப் போறோம். அவங்க காப்பியும் குடுப்பாங்க."

ஐந்து நிமிடத்தில் மேஜரின் முன்னால் நின்றார்கள். நரைத்த மீசை, தூங்காத கண்கள். மேஜை மேல் வயலில் விழுந்த அந்த விளக்கு இருந்தது.

அமிர்தவல்லி ஐந்து வாக்கியங்களில் சொன்னாள். காற்று, நூல், நேரம், பலூன், கிடங்கு.

மேஜர் டெலிபோனை எடுத்தார். இந்தியில் சுருக்கமாகப் பேசினார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசியது. வைத்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"கிடங்கு வேறொரு பிரிவு. ரகசிய வேலை. எனக்கே சொல்லவில்லை" என்றார். "கேப்டன் வருகிறார்."

"அப்ப எங்க ஊட்டுக்காரர..." என்று ஆரம்பித்தாள் ஜஹபர் நிஷா.

"பொறும்மா" என்றாள் அமிர்தவல்லி.

கேப்டன் வந்தார். இளைஞர். தெற்கத்திப் பேச்சு. சலாம் வைத்துவிட்டு நின்றார். பலூன் தங்களுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். மேலதிகாரி அனுமதியில்லாமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்று உத்தரவாம்.

"விளக்கு?" என்றார் மேஜர்.

"விளக்கெல்லாம் பூனாவுலேர்ந்து வருது சார். எங்க ஸ்டோர்ஸ் சாமான்." கேப்டன் மேஜை மேலிருந்ததைப் பார்த்தார். "இது எங்களோடது இல்ல. நீங்க புடிச்சு வெச்சிருக்கிற ஆள் யாருக்கோ எங்க விளக்கு மாதிரியே செஞ்சு குடுத்திருக்கான்."

மேஜர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

"பார்த்தீர்களா அம்மா? பலூன் எங்களுடையது என்றால் இவன் நிரபராதி என்று வந்தீர்கள். இப்போது குற்றம் இன்னும் பெரிதாகிவிட்டது. ராணுவச் சாமானுக்குப் போலி. நிரபராதி என்றால் ஐந்து நாளாக ஏன் பேசவில்லை? யாருக்குச் செய்தாய் என்றுதானே கேட்டோம்? வேன் ஒரு மணிக்குப் புறப்படும்."

ஜஹபர் நிஷா சுவரில் சாய்ந்தாள்.

"அவரை இங்க கூப்பிடுங்க" என்றாள் அமிர்தவல்லி. "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பார்க்கணும். ஒரு நிமிஷம்."

கமருஸ்ஸமானை இரண்டு சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. இடது கண் மூடியிருந்தது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மேஜரைப் பார்த்தார். தன்னை அடித்த சிப்பாயைக்கூட, கோபமில்லாமல், பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதுமா?" என்றார் மேஜர்.

"போதும். இந்த அறையில எல்லாரையும் பார்த்தார். ஒருத்தரை மட்டும் பார்க்கலை." அமிர்தவல்லி கேப்டன் பக்கம் திரும்பினாள். "அடிச்சவரையே பார்க்கிறவர், உங்களைப் பார்க்க ஏன் பயப்படறார் கேப்டன்?"

"எனக்கெப்படித் தெரியும்? இவனை நான் பார்த்ததே இல்ல."

அவள் மேஜை மேலிருந்த விளக்கை எடுத்து காத்தவராயனிடம் நீட்டினாள். "படி."

அவன் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். இரண்டு வரி படித்தான். அவன் முகம் மாறியது.

"மேஜர் சார், இத இன்னா பண்ணீங்க?"

"ரகசியக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சென்னைக்கு நகல் அனுப்பியிருக்கிறோம்."

"அனுப்புங்க, அனுப்புங்க. இது நாய் வரி."

"என்ன?"

"வீட்டுல நாய் வளர்த்தா மேரிக்கு வரி கட்டணும். மேரின்னா முனிசிபாலிட்டி. பிரெஞ்சுக்காரன் காலத்துக் காகிதம். அவன் மூட்டை கட்டிக்கிட்டுப் போனப்ப ஆபீஸ் காகிதமெல்லாம் எடைக்கு வந்துடுச்சு. இந்த ஊர்ல வேர்க்கடலை வாங்கினாலும் பிரெஞ்சுலதான் மடிச்சுக் குடுப்பான். பாயும் அதத்தான் வாங்கி எண்ணெய் தடவி வெளக்கு ஒட்டறார்."

"அதனால்?"

அமிர்தவல்லி சொன்னாள். "இன்னிக்கு ராத்திரி பதினொன்றரைக்குக் கட்ட வெச்சிருக்கிற விளக்கைக் கிடங்குலேர்ந்து எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கேப்டன் போக வேண்டாம். உங்க ஆள் போகட்டும்."

கேப்டன் ஒரு அடி முன்னால் வந்தார். "சார், அது ரகசிய இடம், வெளியாட்கள்..."

மேஜர் அவரைப் பார்க்கவில்லை. மணியை அடித்தார்.

ஜீப் போய் வருகிறவரை யாரும் உட்காரவில்லை. கமருஸ்ஸமான் சுவர்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜஹபர் நிஷா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேப்டன் தொப்பியைக் கையில் சுற்றினார்.

சிப்பாய் மூன்று விளக்குகளோடு வந்து மேஜை மேல் வைத்தான். மூங்கில் சிம்பு, எண்ணெய்க் காகிதம். தலையில் வெள்ளை நூல்.

காத்தவராயன் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தான். "நாய் வரி. நாய் வரி. இது இன்னாது... இதுவும் நாய் வரிதான், பாக்கி வெச்சவனுக்கு எச்சரிக்கை." நிமிர்ந்தான். சிரிப்பு இல்லை. "ஏன் கேப்டன், பூனாவுல நாய்க்குப் பிரெஞ்சுலயா வரி கட்டறாங்க?"

கேப்டனின் முகத்தில் வேர்த்திருந்தது.

"பூனா விளக்கெல்லாம் ரயில்ல வரும்போதே மழையில நனைஞ்சு வீணாப்போச்சு சார்" என்றார் மேஜரிடம். "எழுதிப் போட்டா விசாரணை வரும். அனுமதியில்லாம வெளியில வாங்கவும் கூடாது. என் பிரமோஷன் நேரம்... இத்தனை நாள் இவனை வெச்சிருப்பீங்கன்னு நான் நினைக்கலை."

"நேற்றுச் சாயங்காலம் இந்த நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தாய்?" என்றார் மேஜர். "என்னோடு டீ குடித்தாய். 'பேசினானா சார்' என்று கேட்டாய். மூன்று நாளாக வந்து இதையே கேட்டாய். நான் அக்கறை என்று நினைத்தேன்."

"நானும் பட்டாளத்துல இருந்தவன்தான்" என்றான் காத்தவராயன். "எங்க ஆபீசர் காலையிலேயே குடிப்பான். ஆனா எங்கள்ல ஒருத்தனுக்கு அடி விழற சத்தத்தக் கேட்டுக்கிட்டு டீ குடிக்க மாட்டான்."

மேஜர் கையைக் காட்டினார். சிப்பாய்கள் கமருஸ்ஸமானை விட்டார்கள். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அப்போதும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"போகலாம் பாய்" என்றார் மேஜர். "தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, பதிவுக்காக. யாருக்குச் செய்தீர்கள்?"

கமருஸ்ஸமான் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

"என்னங்க!" என்று அலறினாள் ஜஹபர் நிஷா. "இன்னுமா? தெருவே என் மூஞ்சில துப்புது. எனக்காவது சொல்லுங்களேன்!"

அவர் கண் நனைந்தது. வாய் திறக்கவில்லை.

மேஜர் அமிர்தவல்லியைப் பார்த்தார். அவள் கேப்டனுக்கு எதிரே போய் நின்றாள். வேறு நேரமாக இருந்தால் அவள் குரல் அடுத்த நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"அவர்கிட்ட ஒரு சத்தியம் வாங்கினீங்க, இல்லையா?"

கேப்டன் தரையைப் பார்த்தார். "தேசத்து ரகசியம், பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னேன். அல்லா மேல ஆணைன்னு கை அடிச்சுக் குடுத்தார்."

"அதைத் திருப்பிக் குடுங்க."

"என்ன?"

"வாங்கினவர் நீங்க. நீங்கதான் திருப்பிக் குடுக்கணும். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

கேப்டன் நிமிர வெகுநேரம் ஆயிற்று. "பாய்... சொல்லலாம். நான் சொல்றேன். சொல்லிடுங்க."

கமருஸ்ஸமான் முதல் முறையாக அவரைப் பார்த்தார். திறந்திருந்த ஒரு கண்ணால், கவனமாகப் பார்த்தார்.

"நெசமாவா சார்? இதுவும் பரீட்சை இல்லியே?"

"என்ன பரீட்சை?" என்றார் மேஜர்.

"சொல்லாம இருக்கேனான்னு பார்க்கிற பரீட்சை. கழுத்தையே அறுத்தாலும் சொல்லக் கூடாதுன்னு இவரு அன்னிக்கே சொன்னாரே. அதுக்குத்தான் அடிச்சுப் பார்க்கறீங்கன்னு நெனச்சேன்."

அடித்த சிப்பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேஜர் மீசையில் வைத்த கையை எடுக்கவில்லை.

கமருஸ்ஸமான் மனைவி பக்கம் திரும்பினார். கிழிந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். தெருவுக்கே கேட்கட்டும் என்பது போல் உரக்கச் சொன்னார்.

"நம்ம பட்டாளத்துக்குத்தான் செஞ்சேன், நிஷா."